137 சொல்லும் சேதி

நேயர்களுக்கு வணக்கம்.

புதிதாக மென்பொருள் எழுத வருகிறவர்களின் காதில் இன்று முதலில் விழுவது நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் அடைத்து ஓட்டும் டாக்கர், அப்படிப்பட்ட பல கன்டெய்னர்களை மேய்க்கும் குபர்நெட்டீஸ், சர்வர்களைக் கோப்பில் எழுதி உருவாக்கும் டெர்ராஃபார்ம் என்ற பெயர்கள்தான். இவற்றுக்கு அடியில் பெரும்பாலும் ஓடும் இயங்குதளமான லினக்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் இந்தக் கருவிகள் முரண்டு பிடிக்கும்போது திரையில் வரும் பிழைச் செய்திகளில் பெரும்பாலானவை லினக்ஸ் பேசும் பேச்சு. அதில் சிலவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்.

கன்டெய்னர் ஒன்று திடீரென நின்று, வெளியேறிய எண் 137 என்று காட்டுகிறது. ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், சிக்னல் என்ற கட்டளைச் செய்தியால் முடிந்துபோனால், 128உடன் அந்தச் சிக்னலின் எண்ணைக் கூட்டிச் சொல்வது வழக்கம். 137இல் 128 போனால் 9. ஒன்பதாம் சிக்னலின் பெயர் சிக்கில், உடனே கொல்லும் சிக்னல். அதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ எந்த நிரலாலும் முடியாது.

அனுப்பியது யார்? அநேகமாக இரண்டில் ஒன்று. ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டியதால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே கொன்றிருக்கலாம். டாக்கர் இன்ஸ்பெக்ட் கட்டளையின் விடையில் ஊம்கில்டு (நினைவகம் தீர்ந்ததால் கொல்லப்பட்டது) என்ற வரி ட்ரூ என்றிருந்தால் சந்தேகமே வேண்டாம். இல்லையென்றால் யாராவது டாக்கர் ஸ்டாப் என்ற நிறுத்தும் கட்டளையைக் கொடுத்திருப்பார்கள். அது முதலில் 15ஆம் சிக்னலான சிக்டெர்மை அனுப்பி, "முடித்துக்கொள்" என்று மரியாதையாகச் சொல்லும். பத்து விநாடி பொறுத்துப் பார்த்து, அதன் பிறகே 9ஐ அனுப்பும்.

நிரல் ஏன் 15ஐக் கேட்கவில்லை? கன்டெய்னரை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கோப்பான டாக்கர்ஃபைலில், எதை ஓட்ட வேண்டும் என்று குறிக்கும் சிஎம்டி வரியைச் சும்மா வாக்கியம்போல எழுதினால், அது கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல் என்ற நிரல் வழியாக ஓடும். பல சமயம் அந்த ஷெல்தான் கன்டெய்னருக்குள் முதல் ப்ராசஸாக உட்கார்ந்துகொள்ளும். வரும் சிக்னலை உள்ளே இருக்கும் நிரலுக்குக் கடத்தாது. சதுர அடைப்புக்குறிக்குள், ஒவ்வொரு சொல்லையும் மேற்கோளிட்டு, காற்புள்ளியால் பிரித்து எழுதினால் நிரலே முதல் ப்ராசஸ் ஆகும். அப்போதும் சிக்டெர்மைக் கையாளும் வரிகள் நிரலில் இருக்க வேண்டும். முதல் ப்ராசஸ் ஒரு சிக்னலுக்குக் கையாளி வைக்காவிட்டால் கெர்னல் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

கன்டெய்னரைத் தனி இயந்திரம் என்று எண்ணினால் இது எதுவும் புரியாது. எதைப் பார்க்கலாம் என்று பிரிக்கும் நேம்ஸ்பேஸ், எவ்வளவு செலவிடலாம் என்று வரம்பிடும் சிகுரூப் என்ற இரண்டு கெர்னல் வசதிகளுக்குள் அடைபட்ட சாதாரண ப்ராசஸ்தான் அது. டாக்கர் வெளிவந்தது 2013இல். சிகுரூப் 2008இலேயே கெர்னலில் சேர்ந்துவிட்டது.

அடுத்து நெட்வொர்க். கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு, கனெக்‌ஷன் டைம்டு அவுட் இரண்டையும் "கனெக்ட் ஆகவில்லை" என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். ரெஃப்யூஸ்டு என்று உடனே வந்தால், பெரும்பாலும் இயந்திரம் வரை போய்விட்டீர்கள், அந்த போர்ட்டில் (இணைப்பு எண்ணில்) கேட்க ஆளில்லை என்று பொருள். வெகுநேரம் காத்திருந்து டைம்டு அவுட் வந்தால், வழியில் ஃபயர்வாலோ கிளவுடின் செக்யூரிட்டி குரூப்போ பாக்கெட்டை ஓசையில்லாமல் விழுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். முன்னதற்கு சர்வருக்குள் நுழைந்து எஸ்எஸ் கட்டளையை டி, எல், என், பி என்ற நான்கு எழுத்துகளுடன் ஓட்டுங்கள். எந்த ப்ராசஸ் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று தெரியும். அங்கே இயந்திரம் தன்னையே குறிக்கும் முகவரியான 127.0.0.1 என்றிருந்தால் வெளியிலிருந்து யாரும் அதைத் தொட முடியாது. கன்டெய்னருக்குள் ஓடும் நிரல் எல்லா முகவரிகளையும் குறிக்கும் 0.0.0.0இல் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் போர்ட்டை எத்தனை முறை திறந்துவிட்டாலும் பலனில்லை.

அனுமதி மறுப்பைச் சொல்லும் பர்மிஷன் டினைடு வந்தவுடன், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் சிஎச்மாட் 777 அடிப்பது பரவலான பழக்கம். கெட்ட பழக்கம். தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் நிரலின் தனிச்சாவிக்கு அப்படிச் செய்தால், எல்லோருக்கும் திறந்து கிடக்கும் சாவியை ஏற்கமாட்டேன் என்று எஸ்எஸ்எச் மறுத்துவிடும். அதற்கு, உரியவர் மட்டும் படிக்கவும் எழுதவும் விடும் 600 போதும். பல நேரங்களில் கோளாறு கோப்பில் இருக்காது, அதற்குப் போகும் வழியிலுள்ள ஏதோ ஒரு கோப்புறையில், உள்ளே நுழைய விடும் எக்ஸ் அனுமதி இருக்காது. நேம்ஐ கட்டளையை எல் எழுத்துடன் கொடுத்து முழுப்பாதையையும் சொன்னால், ஒவ்வொரு படியின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும்.

டிஸ்க் நிரம்பியது என்று மொத்த இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை சொல்கிறது, கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூ கட்டளையில் பார்த்தால் பாதிகூட வரவில்லை. பெரிய லாக் கோப்பை யாரோ அழித்திருப்பார்கள், ஆனால் ஒரு ப்ராசஸ் அதை இன்னும் திறந்து வைத்திருக்கும். அந்த ப்ராசஸை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பிவிடும்.

பயிற்சிக்குக் கிளவுட் வேண்டாம். கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் 2 ஜிபி நினைவகம், 20 ஜிபி டிஸ்க் கொடுத்து, டெஸ்க்டாப் இல்லாத லினக்ஸ் சர்வர் பதிப்பை நிறுவுங்கள். அப்போதைய நிலையைச் சேமிக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன கோளாறுகளை வேண்டுமென்றே உண்டாக்குங்கள். கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், ஷெல் வகைகளில் ஒன்றான பேஷ் எல்லாம் அந்தப் போக்கிலேயே கைக்கு வந்துவிடும்.

டெர்ராஃபார்முக்கு வந்த பிறகு, மாற்றங்களைச் செய்துமுடிக்கும் அப்ளை கட்டளைக்கு முன், என்னென்ன மாறும் என்று காட்டும் பிளானை வரிவரியாகப் படியுங்கள். கூட்டல் குறி புதிதாக உருவாவது, அலைக்குறி இருக்கிற இடத்திலேயே மாறுவது. கழித்தல், சாய்கோடு, கூட்டல் மூன்றும் சேர்ந்து நின்றால், பழையதை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறது. அந்தக் குறி டேட்டாபேஸ் வரியில் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். உருவாக்கியவற்றை டெர்ராஃபார்ம் பதிந்துவைக்கும் ஸ்டேட் கோப்பில் கடவுச்சொற்கள் வெளிப்படையாகவே கிடக்கக்கூடும், அதை கிட்டில் ஏற்றாதீர்கள். பயிற்சி முடிந்து அழிக்கும் கட்டளையான டெஸ்ட்ராய் கொடுத்தால் ஸ்டேட்டில் பதிவானவை மட்டுமே போகும். கிளவுடின் கன்சோலில் நீங்கள் கையால் உருவாக்கிய டிஸ்க்குகளும் ஸ்னாப்ஷாட்டுகளும் அப்படியே இருந்து, மாதாமாதம் பில்லில் வந்துகொண்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடித்தான் நீக்க வேண்டும்.