தீக்குச்சியும் புன்னகையும்

அவைத்தலைவர் அவர்களே, நூலக அதிகாரிகளே, தமிழாசிரியப் பெருமக்களே, பிள்ளைகளைக் கையோடு அழைத்து வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம். சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா நடைபெறும் இந்த ஏப்ரல் மாதத்தில் என்னைப் பேச அழைத்த ஏற்பாட்டுக் குழுவினருக்கும், அன்போடு அறிமுகம் செய்துவைத்த முன்னாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கும் என் நன்றி.

சிறுவர் மாயக்கதையில் வரும் கண்டிப்பான ஆசிரியரின் தோற்றம், பேச்சு, நெஞ்சம் ஆகிய மூன்றையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1997இல் வெளிவந்த முதல் ஹாரி பாட்டர் நாவலில், மந்திரப்பள்ளியில் பாடம் நடத்தும் மெக்கானகல் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். இறுக்கி முடிந்த கொண்டை, சதுரக் கண்ணாடி, மரகதப் பச்சை அங்கி. தோற்றத்துக்கு இவை போதும். முதல் வகுப்பில் மேசையைப் பன்றியாக மாற்றிக் காட்டியவர், மாணவர்களிடம் கொடுப்பதோ ஆளுக்கொரு தீக்குச்சி. அதை ஊசியாக்க வேண்டும். வகுப்பு முடியும்போது ஹெர்மயனி என்ற மாணவியின் குச்சி மட்டுமே வெள்ளி நிறமேறிக் கூர்மை பெற்றிருக்கிறது. அதை எல்லாருக்கும் காட்டிவிட்டு, அபூர்வமாக ஒரு புன்னகை பூக்கிறார். அந்தப் புன்னகைக்காகவே அதுவரை முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார் கதாசிரியர் என்பது என் எண்ணம். அடிக்கிற கைதான் அணைக்கும். இரவில் வெளியே திரிந்த தம் இல்லத்து மாணவர் மூவருக்கும் தலைக்கு 50 புள்ளிகள் குறைப்பவரும் இவரே. கதாநாயகன் ஹாரியின் பெற்றோர் மறைவை எண்ணிக் கைக்குட்டையால் கண் துடைப்பவரும் இவரே.

எனக்கும் அப்படி ஓர் ஆசிரியை வாய்த்தார். தொடக்கநிலை நான்கில், கட்டுரையில் ‘பள்ளிக்குச் சென்றேன்’ என்பதை ‘பல்லிக்குச் சென்றேன்’ என்று எழுதிவிட்டேன். வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை, சிரித்தவர்களை ஒரு பார்வையில் அடக்கிவிட்டு, நாற்பது முறை எழுதச் சொன்னார். அழுதுகொண்டே எழுதினேன். பள்ளி விட்டதும் கனமழை. எல்லாரும் போன பிறகும் என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, சிவப்பு மை படிந்த விரலால் தம் கன்னத்தைத் தொட்டு, நாக்கு எங்கே மடிய வேண்டும் என்று காட்டினார். மழை விட்டதும் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம் வரை கூடவே வந்து, அம்மாவிடம், “உங்கள் பிள்ளை நன்றாக எழுதுகிறாள்” என்று சொல்லிவிட்டுப் போனார். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அம்மா அன்றுதான் சொன்னார்.

அந்த ஆசிரியை எந்தத் தமிழ் மாயக்கதையில் இருக்கிறார்? நம் பிள்ளைகள் மந்திரப்பள்ளியை ஆங்கிலத்தில்தான் பார்க்கிறார்கள். தேக்கா சந்தையும் புளோக் மின்தூக்கியும் வரும் மாயக்கதையை நாம் எழுதித் தர வேண்டும். இங்கிருக்கும் எழுத்தாளர்கள் அடுத்த ஏப்ரலுக்குள் ஆளுக்கோர் அத்தியாயம் எழுதுங்கள். தட்டச்சு செய்து, பிழை திருத்தித் தர நான் இருக்கிறேன்.