பழைய பிஎஸ்2-வைப் புது டிவியில மாட்டுறீங்களா? மஞ்சள் பின்னைத் தொடுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

(திரையில்: ஒரே அருவி, இடமும் வலமும்)

இந்த ரெண்டு அருவியையும் நல்லாப் பாருங்க. ஒரே கேம், ஒரே கன்சோல். கேபிள் மட்டும்தான் வேற. இடது பக்கம் தண்ணி கண்ணாடி மாதிரி தெரியுது, வலது பக்கம் வெறும் கோடு கோடா நிக்குது. இதுல எது உசத்தியான கேபிள்? இடதுன்னு சொன்னீங்கன்னா அவுட்டு! ஏன்னு சொல்றேன், ஸ்கிப் பண்ணிடாதீங்க.

வணக்கம் மக்களே. பரண்ல கிடந்த பிளேஸ்டேஷன் 2-வைத் தூசி தட்டிப் பெரிய எல்இடி டிவியில மாட்டினா படம் கலங்கலா வருதா? கன்சோல் மேல பழி போடாதீங்க. மஞ்சள், வெள்ளை, சிவப்புன்னு மூணு பின் வெச்ச ஏவி கேபிள், டிவிடி பிளேயர்ல பார்த்ததுதான். வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. படம் மொத்தமும் அந்த ஒத்த மஞ்சள் பின்ல வருது. அங்கதான் வினை.

படத்துல வெளிச்சம் ஒரு சிக்னல், நிறம் ஒரு சிக்னல். மஞ்சள் வயர்ல ரெண்டையும் ஒண்ணாக் கலந்து அனுப்புறாங்க. டிகாஷனையும் பாலையும் டபராவுல ஆத்திக் கொடுத்துட்டு, "இப்ப தனித்தனியாக் குடு"ன்னு டிவியைக் கேட்கிற கதை. முடிஞ்ச வரைக்கும் பிரிக்கும். பிரியாதது ஓரமெல்லாம் நிறம் கசிஞ்சு, எழுத்தைச் சுத்திப் புள்ளிப் புள்ளியா ஊரும்.

இப்ப அருவிக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். 1991-ல வந்த சோனிக் கேம், அதோட முதல் லெவல் கிரீன் ஹில். ஓடுறது 1988-ல ஜப்பான்ல வந்த செகா மெகா டிரைவ் கன்சோல்ல. அந்த மெஷினுக்கு 512 நிறம் தெரியும், ஆனா ஒரு பொருளுக்குப் பின்னாடி இருக்கிறதை அரைகுறையாத் தெரிய வைக்கிற வித்தை ஒழுங்காத் தெரியாது. அப்ப தண்ணியை எப்படி வரையறது? ஒரு வரிசை புள்ளிக்கு நீலம், அடுத்த வரிசை காலி, மறுபடி நீலம், மறுபடி காலி. செங்குத்துக் கோடுதான், வேற ஒண்ணும் இல்ல! மஞ்சள் வயர்ல போறப்ப பக்கத்துப் பக்கத்துக் கோடெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைஞ்சு, பின்னாடி இருக்கிற பாறை தண்ணிக்குள்ள தெரியுது. கூடவே லேசா ஒரு வானவில் பட்டை வேற, இலவசம். அதே மெஷினை ஆர்ஜிபி கேபிள்ல, அதாவது சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியா அனுப்புற கேபிள்ல மாட்டுங்க, துல்லியமா இருக்கும். துல்லியமா அந்தக் கோடும் தெரியும்! அதனால மெகா டிரைவ் வெச்சிருக்கிறவங்க மஞ்சள் பின்லயே ஆடுங்க, நான் தடுக்க மாட்டேன். தகராறு பண்ணணும்னா கமெண்ட்ல பண்ணுங்க.

எஸ்-வீடியோ? வெளிச்சமும் நிறமும் தனித்தனி, நல்லதுதான், ஆனா உங்க டிவியில அந்த ஓட்டை இருக்காது. ஸ்கார்ட் பிளக்? அது ஐரோப்பாக்காரங்க சமாச்சாரம்.

பிஎஸ்2-க்குக் காம்போனென்ட் கேபிள்தான். பச்சை, நீலம், சிவப்பு படத்துக்கு. வெள்ளை, இன்னொரு சிவப்பு சத்தத்துக்கு. ஆமா, சிவப்பு ரெண்டு! மாத்திக் குத்தினா ஸ்பீக்கர்ல கிர்ர்ருனு சத்தம், படத்துல முகமெல்லாம் பச்சை. பயந்துடாதீங்க, ஒண்ணும் எரியாது. பச்சை பின்ல வெளிச்சம் மொத்தமும் போகுது. அதை மட்டும் மஞ்சள் ஓட்டையில குத்திப் பாருங்க, சுத்தமான கறுப்பு வெள்ளைப் படம் வரும்.

முக்கியமான விஷயம்: கேபிளை மாத்துறதுக்கு முன்னாடி, பழைய மஞ்சள் பின்ல போட்டே பிஎஸ்2 மெனுவுக்குப் போங்க. சிஸ்டம் கான்ஃபிகரேஷன்ல காம்போனென்ட் வீடியோ அவுட்னு ஒரு வரி இருக்கும். அது ஆர்ஜிபி-ன்னு இருந்தா ஒய்-சிபி-சிஆர்-க்கு மாத்துங்க, காம்போனென்ட் கேபிளுக்கு அதுதான். மறந்தீங்கன்னா திரை பூரா பச்சை. கேபிள் கடைக்காரரோட சண்டை போடப் போயிடாதீங்க.

நின்டெண்டோ வீ (Wii) கன்சோல் ஆளுங்களுக்கும் இதே கதைதான், காம்போனென்ட் மாட்டி செட்டிங்ஸ்ல 480பி, அதாவது 480 வரிப் படம்னு வைங்க. பிஎஸ்3-ல எச்டிஎம்ஐ இருக்கு. ஆனா பெட்டிக்குள்ள சோனி வெச்சது மஞ்சள் பின் கேபிள்! ப்ளூரே ஓட்டுற மெஷினுக்கு!

இப்ப வர்ற நிறைய டிவியில காம்போனென்ட் ஓட்டையே கிடையாது. அப்ப அடாப்டர்தான். அதுல ரெண்டு ரகம், பார்த்து வாங்குங்க. மூணு கலர் ஓட்டை வெச்ச குட்டிப் பெட்டி மஞ்சள் சிக்னலைத்தான் எடுத்து எச்டிஎம்ஐ-ல அனுப்பும். மேல 1080பி-ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாலும் கலந்தது கலந்ததுதான், காசு தண்டம். பிஎஸ்2 பின்பக்கம் நேராச் சொருகுற ரகம் காம்போனென்ட் சிக்னலையே எடுக்கும், அதை வாங்குங்க. தங்க முலாம் பூசின பின்னுக்குக் கூடுதலா ஒரு ரூபா கூடக் கொடுக்காதீங்க.

ஒரே ஒரு சிக்கல்: பழைய பிளேஸ்டேஷன் 1 சிடி போட்டா வர்றது 240பி, வெறும் 240 வரிப் படம். சில புது டிவி அதைப் பார்த்ததும் "நோ சிக்னல்"னு முழிக்கும். அந்த கேமுக்கு மட்டும் மஞ்சள் பின்னை மாட்டிக்கங்க. உங்க டிவி 240பி-யை ஏத்துக்குதான்னு மாடல் பேரோட கீழ போடுங்க, அடுத்து வாங்குறவங்களுக்கு உதவும். சப்ஸ்கிரைப் பட்டனும் அங்கதான் பக்கத்துல இருக்கு, அதுக்கு எந்த கேபிளும் வேண்டாம்.