லாசரு சொல்லாத நான்கு நாள்

நேயர்களுக்கு என் வணக்கம். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பகுதிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் போதகராக ஊழியம் செய்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஆண்டுகளில் பெரும் பகுதி சாவு வீடுகளிலும் மருத்துவமனைத் தாழ்வாரங்களிலும் கழிந்தது. சாவின் வாசல்வரை சென்று திரும்பியவர்களின் அனுபவங்களையும் மறுமையைக் குறித்த கிறிஸ்தவ நம்பிக்கையையும் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது வேதவசனம் அன்று. மீன்பிடித் துறைமுகத்தில் வலை செப்பனிட்டுப் பிழைத்த, எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு மனிதர்.

ஒரு விடியற்காலையில், வலை ஊசி கையில் இருக்கும்போதே, அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மீன்பாடி வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அங்கே இதயம் நின்றுபோயிற்று. மார்பை அமுக்கியும் மின்னதிர்ச்சி கொடுத்தும் மருத்துவர்கள் அதை மறுபடி துடிக்க வைத்தார்கள். ஐந்தாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது, என் கையைப் பற்றிக்கொண்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஐயா, ஒரே வெளிச்சமா இருந்திச்சு. எங்கம்மா வந்து நெத்தியில கை வெச்சாங்க. கையில கவுச்சி வாசம் அப்பிடியே இருந்திச்சு. வூட்டுக்குப் போடான்னாங்க, வந்துட்டேன்." அவருடைய தாயார் கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்றவர், இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

இத்தகைய அனுபவங்களை 1975இல் அமெரிக்கரான ரேமண்ட் மூடி ஒரு நூலாகத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் உலகம் அவற்றைப் பரவலாகப் பேசத் தொடங்கியது. நெதர்லாந்தின் இதய மருத்துவர் பிம் வான் லோமல் 10 மருத்துவமனைகளில், இதயம் நின்று மீட்கப்பட்ட 344 நோயாளிகளை விசாரித்து, 2001இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். அவர்களில் 62 பேர், அதாவது நூற்றுக்குப் பதினெட்டுப் பேர், ஏதோ ஒன்றைக் கண்டதாகவோ உணர்ந்ததாகவோ சொன்னார்கள். மற்றவர்களுக்கு அப்படி எந்த நினைவும் இல்லை. நம்மிடையே இதைப் பேசுகிறவர்கள் அந்தப் பதினெட்டையே சொல்லி, மிச்சமுள்ள எண்பத்திரண்டை விட்டுவிடுகிறார்கள்.

கண்டவர்களும் ஒன்றையே காண்பதில்லை என்பது இன்னும் கவனிக்கத் தக்கது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் பணியாற்றிய சத்வந்த் பஸ்ரிச்சாவும் அமெரிக்க மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சனும் வட இந்தியாவில் 16 பேரின் அனுபவங்களை ஆராய்ந்து 1986இல் வெளியிட்டார்கள். அவர்களிற் பலர் தூதர்கள் வந்து தங்களை அழைத்துச் சென்றதாகவும், அங்கே ஏட்டைப் பார்த்தபின் ஆள் மாறிப்போயிற்று என்று திருப்பி அனுப்பப்பட்டதாகவும் சொன்னார்கள். சித்திரகுப்தன் கணக்கையும் எமனின் பாசக்கயிற்றையும் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை. அமெரிக்கர் சுரங்கப் பாதையையும் ஒளியுருவையும் காண்கிறார். நம்மவர் எழுத்தரின் பிழையால் உயிர் தப்புகிறார்.

அப்படியானால் எல்லாம் மூளையின் வேலைதானா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜிமோ போர்ஜிகினும் அவருடைய குழுவினரும் 2013இல், இதயம் நின்ற எலிகளின் மூளையில் சுமார் அரை நிமிடத்துக்குச் சீரான மின்னலைகள் மேலெழுந்ததைப் பதிவு செய்தார்கள். 2023இல், செயற்கைச் சுவாசம் நிறுத்தப்பட்ட நால்வரின் பதிவுகளில் இருவரிடம் அதுபோன்ற எழுச்சி தெரிந்தது. அந்த இருவரும் பிழைக்கவில்லை. ஆகவே அவர்கள் எதையேனும் கண்டார்களா என்று கேட்க வழியில்லை. எனக்கு இந்த ஆராய்ச்சிகளின்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. தாயின் முகத்தைக் காணும்போது மூளையில் ஏதோ நடக்கிறது என்பதனால் தாய் பொய்யாகிவிடுவதில்லை. ஆனால் அவர் உண்மையாகவே வந்தார் என்பதற்கும் அது சான்றாகாது.

வேதாகமம் இவ்விஷயத்தில் எவ்வளவு கொஞ்சமாகப் பேசுகிறது என்பதை நாங்கள், அதாவது பிரசங்கிகள், சபையாருக்கு எடுத்துச் சொல்வதில்லை. யோவான் சுவிசேஷத்தின் பதினோராம் அதிகாரத்தில் லாசரு நான்கு நாள் கல்லறையில் கிடந்தபின் எழுந்து வருகிறார். அடுத்த அதிகாரத்தில் இயேசுவோடு பந்தியிருக்கிறார். அவரைப் பார்க்கவே ஜனங்கள் திரளாக வருகிறார்கள். அவரைக் கொலைசெய்யப் பிரதான ஆசாரியர்கள் ஆலோசிக்கிறார்கள். இத்தனைக்கும் அந்த நான்கு நாளைப் பற்றி லாசரு ஒரு வார்த்தை பேசியதாக எழுதப்படவில்லை. மூன்றாம் வானம்வரை எடுத்துக்கொள்ளப்பட்ட ஒரு மனிதனைக் குறித்துப் பவுல் எழுதும்போதும், அவன் "சரீரத்திலிருந்தானோ, சரீரத்திற்குப் புறம்பேயிருந்தானோ, அறியேன்" என்கிறார். அங்கே கேட்ட வார்த்தைகள் மனுஷர் பேசப்படாதவை என்று சொல்லி, அதோடு நிறுத்திக்கொள்கிறார்.

மரித்த உடனே ஆத்துமா எங்கே போகிறது என்பதில் சபைகளுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. கத்தோலிக்கச் சகோதரர்கள், மரித்தோரின் ஆத்துமாக்கள் சுத்திகரிக்கப்படும் இடமாகிய உத்தரிக்கிற ஸ்தலத்தை நம்பி நவம்பர் 2 அன்று கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றி ஜெபிக்கிறார்கள். எங்கள் பிரிவார் அந்த ஸ்தலத்தை ஏற்பதில்லை. ஆனால் இரு திறத்தாரும் ஒன்றாக அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம், உயிர் கூட்டைவிட்டுப் பறந்துபோவதைப் பற்றியது அன்று. அது சரீரம் உயிர்த்தெழுதலைச் சொல்கிறது. உயிர்த்தெழுந்தவர் தம் கைகளையும் கால்களையும் சீஷர்களுக்குக் காட்டினார், அவர்கள் கொடுத்த பொரித்த மீனை வாங்கி உண்டார் என்று லூக்கா எழுதுகிறார். காசிமேட்டில் அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் ஜனங்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். வலை செப்பனிட்ட அந்த மனிதரைக் கன்வென்ஷன் கூட்டத்தில் மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைத்தவன் நானே. முதல் கூட்டத்தில் அவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னார். கூட்டம் அமைதியாகக் கேட்டது, அவ்வளவுதான். அடுத்த இடத்தில் வெளிச்சத்துக்குள் ஒரு வாசல் வந்தது. அல்லேலூயா ஓசை எழுந்தது. அதற்கடுத்து பொன் வீதி வந்தது, முத்து வாசல்கள் வந்தன, தேவதூதர் வந்தனர். தாயாரும் அவர் கையின் கவுச்சியும் எந்தக் கூட்டத்தில் காணாமற்போயினர் என்பதை நான் கவனிக்கவில்லை. எங்கள் சபைக்கு அப்போது பிற ஊர்களிலிருந்தும் அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. அமெரிக்காவில் பரலோகம் போய்வந்த சிறுவனின் கதை என்று 2010இல் வெளியாகி மிகுதியாக விற்ற ஒரு புத்தகத்தை, தான் சாகவும் இல்லை, பரலோகம் போகவும் இல்லை என்று அவனே 2015இல் எழுதிய பிறகு பதிப்பகத்தார் திரும்பப் பெற்ற செய்தியைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் அவரைத் தேடிப் போனேன். நைலான் வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி, அறுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பின்னிக்கொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்கு முன் அவரே, "ஐயா, அந்தத் தங்க ரோட்டை நான் பார்க்கல. நீங்க ஒண்ணும் சொல்லாத இருந்ததால சொல்லிக்கினே போயிட்டேன்" என்றார். அதன்பின் அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை. நானும் யாரையும் ஏற்றவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அவர் மெய்யாகவே மரித்தார். எபிரெயருக்கு எழுதின நிருபம் மனுஷருக்கு ஒரேதரம் நியமிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் மரணம் அதுவே என்று நினைக்கிறேன்; முன்பு நடந்தது அதன் வாசல் மட்டும். காசிமேடு கல்லறையில் அடக்க ஆராதனை நடத்தி, கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தை வாசித்தேன். முந்தின இரவு வீட்டெதிரே சாமியானாவின்கீழ் மரண கானா நடந்தது. சபை ஒழுங்குப்படி நான் அதை ஆதரிப்பவன் அல்லன். ஆயினும் கிளம்ப மனமில்லாமல் ஓரமாக நாற்காலி போட்டு அமர்ந்திருந்தேன். பாடியவர் அவருடைய தோழர். நெற்றியில் கைவைத்த தாயையும் அந்தக் கையின் கவுச்சி வாசத்தையும் வைத்துப் பாடினார். பொன் வீதி அந்தப் பாட்டில் வரவில்லை.

வணக்கம்.