வழக்கு தொடங்கும் முன்பே நீங்கள் சாட்சி

(டர்பன், சாட்ஸ்வர்த் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கையரே, வணக்கம்.

வீட்டில் திருட்டோ அடிதடியோ நடந்தால் நம் பக்கம் முதலில் எழும் பேச்சு, "ஆளைப் பிடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பதுதான். இந்தப் பேச்சால் நாம் இழந்தது நிறைய. தென்னாப்பிரிக்காவில் 2004இல் வந்த பாதிக்கப்பட்டோர் சாசனம் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. குற்றம் செய்தவர் யாரென்றே தெரியாமல் இருக்கலாம். பிடிபடாமல் போகலாம். தண்டனையே கிடைக்காமல் தப்பலாம். அப்போதும் உடலிலோ மனத்திலோ பொருளிலோ அடிபட்டவர் சட்டத்தின் கண்ணில் பாதிக்கப்பட்டவர்தான். அடித்தது கட்டிய கணவனாயினும் பெற்ற மகனாயினும் அப்படியே. தேவைப்படும் இடத்தில், அவரை நம்பி வாழும் குடும்பத்தாரும் இதில் சேர்வார்கள். 1985இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பிரகடனத்தின் சாயல் இது. ஆகவே, "வழக்கு எந்த நிலையில் இருக்கிறது?" என்று காவல் நிலையத்தில் கேட்பது சலுகை அல்ல, உங்கள் உரிமை.

பணம் என்று வந்துவிட்டால் கதை வேறு. 1977ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 300ஆம் பிரிவில், குற்றவாளி என்று தீர்ப்பான பிறகுதான் இழப்பீடு. அதுவும் சொத்துச் சேதத்துக்கும் இழப்புக்கும் மட்டும், நீங்கள் கேட்டால் மட்டும். அரசு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பட்ட வலிக்கு ஈடு வேண்டுமென்றால் தனியாக உரிமையியல் வழக்குத்தான்.

இன்னொன்று மனதை அறுக்கிறது. நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 2003இல் அரசு அறிவித்த 30,000 ராண்ட் ஈட்டுத்தொகை, அந்த ஆணையம் பாதிக்கப்பட்டவர் என்று ஏற்றவர்களுக்கே போனது. அச்சத்தாலோ அறியாமையாலோ அங்கே போகாமல் வீட்டுக்குள்ளேயே அழுதவர்களுக்கு ஒன்றுமில்லை. இது அநியாயம் என்றே நான் சொல்வேன்.

சாட்சிக்கு வருகிறேன். இன்று நான் முக்கியமாகப் பேச வந்தது இதைத்தான். கௌடெங் மாகாணச் சுகாதாரத் துறையின் நிதி அதிகாரி பபிதா தியோகரன், டெம்பிசா மருத்துவமனைப் பணப் பட்டுவாடாவில் முறைகேடு நடக்கிறது என்று எச்சரித்தவர். 2021 ஆகஸ்ட் 23 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் தன் வீட்டு வாசலருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 2023இல் ஆறு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்கள். அவர் உயிரோடிருந்தபோது ஒரு காவலும் இருக்கவில்லை.

முறைகேட்டை வெளியே சொல்பவரைக் காக்க 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. அது அவரை ஊழியராகப் பார்க்கிறது. வேலையை விட்டு நீக்காதே, மாற்றல் போட்டுப் பழிவாங்காதே என்கிறது. துப்பாக்கிக்கு அதில் பதிலில்லை. பதில் இருப்பது 1998ஆம் ஆண்டுச் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தில். அதன்படி, சாட்சி சொன்னவர் மட்டும் சாட்சி அல்ல. சொல்ல அழைக்கப்படக்கூடியவரும் சாட்சியே. சம்மன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டாருக்கும் நெருங்கியவர்களுக்கும்கூட அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் எல்லா வழக்குக்கும் இது கிடையாது. கொலை போன்ற கடும் குற்றங்கள், மரண விசாரணைகள், விசாரணை ஆணையங்கள் என்று ஒரு வரம்பு இருக்கிறது.

யாரும் தானாக வந்து கதவைத் தட்டமாட்டார்கள். காவல் நிலையப் பொறுப்பாளரிடமோ வழக்கை விசாரிக்கும் அதிகாரியிடமோ அரசு வழக்கறிஞரிடமோ "என் உயிருக்கு ஆபத்து, பாதுகாப்பு வேண்டும்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் போட்டு அந்தப் பாதுகாப்புக்குள் போனால் வீடு, வேலை, உறவு எல்லாவற்றையும் கொஞ்ச காலம் விட வேண்டியிருக்கும். அதனால்தான் பலர் மறுக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மறுப்பதோ ஏற்பதோ அவர்கள் முடிவாக இருக்கட்டும். "உனக்கெதற்கு வம்பு?" என்று நாம் வாயை அடைத்துவிட வேண்டாம். அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது அலுவலகக் கணக்கில் கோளாறு கண்டு நடுங்கிக்கொண்டு வந்து நின்றால், அவரோடு காவல் நிலையம் வரை நீங்களும் நடந்து போங்கள்.