உறைக்குள் ஒரு பிழைப்பு

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கு அடுக்குமாடி வீடுகளின் குளியலறைச் சுவரில், சாம்பல் நிறத்தில் பூசணி விதை போல ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தூசு என்று துடைக்கப் போனால் நகரும். அது ஓர் அந்துப்பூச்சியின் புழு. தன் பட்டு நூலால் உறை நெய்து, மேலே மணலும் தூசியும் ஒட்டிக்கொள்கிறது. உறைக்கு இரண்டு முனையிலும் வாசல். உள்ளேயே திரும்பி, வேண்டிய பக்கம் தலை நீட்டும். பழைய சிலந்தி வலையும் கம்பளியும்தான் அதற்குச் சாப்பாடு.

உறை சுமக்கும் இன்னொரு கூட்டம் ஹவாய்த் தீவுகளில் உண்டு. பெயர் ஹைப்போஸ்மோகோமா. நம் சுவர்ப் புழுவுக்கு நெருங்கிய சொந்தமில்லை, குடும்பமே வேறு. கண்டத்திலிருந்து சுமார் 3,800 கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் 350க்கும் மேற்பட்ட இனங்களாகப் பெருகியிருக்கிறது. ஹவாயைத் தவிர வேறெங்கும் கிடையாது.

அவற்றின் பிழைப்பைக் கேளுங்கள். பெரும்பாலானவை பாசியும் மக்கிய இலையும் தின்னும் சாதுக்கள். சில இனங்கள் ஓடைக்குள்ளேயே வாழும், கரையேறியும் வாழும். செவுள் இல்லை, தோல் வழியாகவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. அதனால் தித்தி கெராவாங் அருவி போல வேகமாகப் பாயும் தண்ணீர் வேண்டும். அடித்துப் போகாமல் இருக்கப் பாறையில் நூல் கட்டிக்கொள்ளும். தேங்கிய நீரில் போட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

2005இல் அறிவிக்கப்பட்ட ஓர் இனம் நத்தை வேட்டைக்காரன். இலையில் ஓய்ந்து கிடக்கும் குட்டி நத்தையை நூலால் இலையோடு சேர்த்துக் கட்டும். நத்தை கீழே விழுந்து தப்ப முடியாது. பிறகு ஓட்டுக்குள் நுழைந்து தின்னும். பசியால் சாகும் நிலையிலும் இலையைத் தொடாது.

எல்லாவற்றையும் மிஞ்சியது 2025இல் வெளிவந்த செய்தி. ஹவாயின் ஓஆஹு தீவில் ஒரே மலைத்தொடரில், 15 சதுர கிலோமீட்டருக்குள் மட்டும் ஒரு புழு. மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் உள்ள சிலந்தி வலையில் குடியிருந்து, வலையில் சிக்கிய பூச்சிகளைத் தின்கிறது. மிச்சத்தை வீணாக்குவதில்லை. எறும்புத் தலை, வண்டுக் கால் என ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் பார்த்து, பெரிதானால் கடித்துக் குறைத்து, உறைமேல் ஒட்டுகிறது. இலைத் துணுக்கு கொடுத்தால் ஏற்பதில்லை. சிலந்தியின் வீட்டு வாசலில் இது நல்ல மாறுவேஷம் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு.

22 ஆண்டுத் தேடலில் கிடைத்தவை 62 புழுக்களே. இரண்டை ஒன்றாக அடைத்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும், தனித்தனி டப்பாதான். ஒரு வலைக்கும் பெரும்பாலும் ஒரு புழுதான்.