பதின்மூன்று பேருக்குச் சதவீதம் எதற்கு?

(வால்பாறை மலையிலுள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், 2026 பிப்ரவரியில் நடந்த பத்தாம் வகுப்புப் பிரிவு உபசார விழாவில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஆசிரியர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, கொழுந்து பறிக்கப் போகாமல் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோரே, பிள்ளைகளே, வணக்கம்.

வாழ்த்திப் பேச அழைத்திருக்கிறார்கள். அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுவிடுகிறேன். இந்த வகுப்பில் பதின்மூன்று பேர். மார்ச்சில் பதின்மூன்று பேரும் தேர்வு எழுதி, ஒருவர் மட்டும் ஏதாவது ஒரு பாடத்தில் 35 எடுக்கத் தவறினால் பள்ளியின் தேர்ச்சி 92.3 சதவீதம். 2025-இல் மாநிலத் தேர்ச்சி 93.80 சதவீதம். ஆக, ஒரே ஒரு பிள்ளை தடுக்கி விழுந்தால் போதும், இந்தப் பள்ளி மாநிலச் சராசரிக்குக் கீழே போய்விடும். சமவெளியில் 200 பேர் எழுதும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பத்துப் பேர் தவறினாலும் 95 சதவீதம். பத்துப் பேரைத் தவறவிட்டவர் ஆய்வுக் கூட்டத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். ஒருவரைத் தவறவிட்டவர் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும். வகுத்தல், பெருக்கல் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பதின்மூன்று பேரைச் சதவீதத்தால் அளக்கலாம் என்று எவர் முடிவு செய்தார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இவர்கள் ஆறாம் வகுப்புக்கு வந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். 2021 ஜூனில் சேர்க்கை நடந்தது, பள்ளி திறக்கவில்லை. நவம்பர் 1-ஆம் தேதிதான் கதவு திறந்தது. அதுவரை கல்வித் தொலைக்காட்சி. செல்பேசியில் சிக்னல் பிடிக்கத் தேயிலைக் காட்டு மேட்டில் ஏறி நின்ற பிள்ளைகள் இவர்கள். ஒன்றரை ஆண்டு பள்ளியே காணாமல் வந்தவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது ஆறாம் வகுப்புக் கணக்கு அல்ல, நான்காம் வகுப்பு வகுத்தல். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. யார் சிரிக்கிறார்கள், யார் விழிக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் அரையாண்டு போய்விட்டது.

அதன் பிறகு மழை. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் "வால்பாறை தாலுகாவுக்கு மட்டும் விடுமுறை" என்று மாவட்ட ஆட்சியர் அறிவிப்பதைக் கோவையில் இருப்பவர்கள் பொறாமையோடு படிப்பார்கள். பாடத்திட்டம் அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான் என்பது அவர்களுக்கு நினைவிருக்காது. மழை விட்டால் யானை. இரவில் யானை இறங்கியிருக்கும் இடத்தைச் செல்பேசிக் குறுஞ்செய்தியும் சிவப்பு விளக்கும் சொல்லிவிடுகின்றன. இந்த மலைக்குக் கிடைத்த நல்ல ஏற்பாடு அது. சிறுத்தைக்கு விளக்குக் கிடையாது. அதனால்தான் இவர்கள் தனித்தனியாக நடந்து வந்ததே இல்லை. ஒருவருக்குத் தாமதம் என்றால் தோட்டத்தின் அந்த டிவிஷன் (பிரிவு) பிள்ளைகள் எல்லோருக்கும் தாமதம். வருகைப் பதிவேட்டைப் பார்த்தே எந்த லைனில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) எவர் வீட்டில் அடுப்பு எரியத் தாமதமானது என்று சொல்லிவிடலாம்.

சிறிய வகுப்பு என்றால் ஆசிரியருக்குச் சுகம் என்று வெளியே நினைக்கிறார்கள். ஒரு பாட வேளையில் ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை கேள்வி கேட்டுவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் பிள்ளைகளுக்கு ஒளிந்துகொள்ளக் கடைசி பெஞ்ச் கிடையாது. சண்டை வந்தால் மாறிப் போக 'பி' பிரிவும் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு தோழிகள் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தார்களாம். அறிவியல் ஆசிரியை அந்த இருவரையும் ஒரே மேசையில் நிறுத்திக் குவிலென்சின் குவியத் தொலைவைக் காணச் சொல்லிவிட்டார். ஒருத்தி திரையை நகர்த்த வேண்டும், இன்னொருத்தி அளவைப் பார்க்க வேண்டும். பேசாமல் செய்தால் விடை வராது. முதல் நாள் வரவும் இல்லை. மறுநாள் வந்தது. சமாதானமா என்று நான் விசாரிக்கவில்லை. இதோ, இரண்டு பேரும் ஒரே நிறத்தில் தாவணி உடுத்தி உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெண்கள் ஏழு, ஆண்கள் ஆறு. கபடிக்கு ஏழு பேர் வேண்டும். பெண்களிடம் முழு அணி உண்டு, மாற்று ஆள் கிடையாது. பையன்கள் எப்போதும் ஒன்பதாம் வகுப்பில் ஓர் ஆளைக் கடன் கேட்டுக்கொண்டிருப்பார்கள். குறுவட்டப் போட்டியில் நம் பெண்களில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியபோது மீதி ஆறு பேர் ஆடித் தோற்றார்கள். நடுவர் "விட்டுக்கொடுத்துவிடலாமே" என்றாராம். அதற்கு நம் அணித் தலைவி சொன்ன பதிலை அவருடைய அம்மா இங்கே இருப்பதால் சொல்லாமல் விடுகிறேன்.

அசாமிலிருந்து பெற்றோருடன் வந்து ஏழாம் வகுப்பில் சேர்ந்த பையனும் இந்தப் பதின்மூன்றில் இருக்கிறான். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாமல் வந்தவன். பக்கத்தில் உட்கார்ந்தவர்களே அவனுக்கு வாத்தியார்கள். முதல் மாதம் அவர்கள் கற்றுக்கொடுத்த தமிழ் மேடையில் சொல்லத்தக்கதல்ல. போன மாதம் அவன் எழுதிய கட்டுரையைத் தமிழாசிரியர் எனக்குக் காட்டினார். ஒற்றுப்பிழை இருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகளின் கட்டுரையிலும் அதே ஒற்றுப்பிழைதான். யாரிடமிருந்து யாருக்குப் போயிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்பில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். அசாம் பையன் வந்தான், ஆறு பேர் போனார்கள். தோட்டத்தில் வேலை முடிந்தால் லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். திருப்பூருக்கோ பொள்ளாச்சிக்கோ இறங்கிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் மாற்றுச் சான்றிதழ் எழுதும்போது அங்க அடையாளம் இரண்டு குறிக்க வேண்டும்: வலது முழங்கையில் ஒரு தழும்பு, கழுத்தில் ஒரு மச்சம். பெரிய பள்ளியில் எழுத்தர் சட்டைக் கையை மடக்கச் சொல்லிப் பார்ப்பார். இங்கே பார்க்கத் தேவையில்லை. எந்தத் தழும்பு எந்தப் பாறையில் விழுந்ததால் வந்தது, யார் தள்ளிவிட்டது என்பதுவரை ஆசிரியர் அறைக்குத் தெரியும்.

இனிச் சொல்லப்போவது தலைமை ஆசிரியரைச் சங்கடப்படுத்தலாம், பொறுத்துக்கொள்ளட்டும். நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட ஒரு சுலபமான வழி உண்டு என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். பெயர்ப்பட்டியல் போவதற்கு முன், தேறாது என்று தோன்றும் பிள்ளையின் தகப்பனாரை அழைத்து, "தனித்தேர்வராக எழுதிக்கொள்ளட்டுமே" என்று தேநீர் கொடுத்துச் சொல்வது. மறுநாள் மாற்றுச் சான்றிதழ். மே மாதம் பள்ளி வாசலில் பதாகை. இந்தப் பள்ளியில் அது நடக்கவில்லை. பதின்மூன்று பெயரும் பட்டியலில் இருக்கின்றன. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மூன்று பேரும் ஆங்கிலத்தில் இரண்டு பேரும் 35-ஐத் தொடவில்லை என்று தெரிந்தேதான் அவர் கையெழுத்திட்டிருக்கிறார். யார் என்று திரும்பிப் பார்க்காதீர்கள். நம்மைப் போன்ற பள்ளிக்கு அந்தக் கையெழுத்து எவ்வளவு துணிச்சலானது என்பதை முதலில் போட்ட கணக்கு சொல்லும்.

2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை. ஹால் டிக்கெட் இருந்தது, மேசையில் எண் ஒட்டியிருந்தது, ஆள் இல்லை. தேர்வு தொடங்கிய பிறகுதான் பல பேருக்குத் தெரிந்தது. இந்த வகுப்பில் ஒருவர் காணாமல் போனால் காலை ஏழு மணிக்கே பன்னிரண்டு பேருக்குத் தெரிந்துவிடும், வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். இதற்கு எந்தத் துறையும் புள்ளிவிவரம் வைத்துக்கொள்வதில்லை.

தேர்வு மையம் நம் பள்ளியில் இல்லை, வால்பாறை டவுனில். பத்து மணிக்கு வினாத்தாள், பத்தேகாலுக்கு எழுத ஆரம்பிக்கலாம். பஸ்ஸை நம்பி ஒன்பதரைக்குக் கிளம்பாதீர்கள். அறிவியலில் செய்முறைக்கு 25-இல் 15, எழுத்துத் தேர்வுக்கு 75-இல் 20 என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒன்றில் நிறைய வாங்கிவிட்டேன் என்று மற்றதை விட்டுவிடக் கூடாது.

பெற்றோருக்கு ஒன்று. கீழே இறங்கினால் பிள்ளையைக் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்க நினைக்கிறீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கே. பிள்ளைகள் அரசுப் பள்ளியில் ஐந்து ஆண்டு சேர்த்துவிட்டார்கள், மீதி இரண்டைக் கெடுத்துவிடாதீர்கள். வால்பாறையிலேயே மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, அரசு கலைக் கல்லூரியும் இருக்கிறது.

மே மாதம் முடிவு வரும். பதின்மூன்று பேரும் தேறினால் இனிப்பு என் செலவு. பன்னிரண்டோ பதினொன்றோ என்றால் அன்றைக்கும் பதின்மூன்று பேரும் பள்ளிக்கு வர வேண்டும். துணைத் தேர்வுக்கு உடனே விண்ணப்பிக்க வேண்டும். அதில் தேறினால் அதே ஆண்டு பிளஸ் ஒன் சேரலாம், ஓர் ஆண்டும் வீணாகாது. தேறியவர்களுக்கு அப்போது வேலை ஒன்றும் இருக்காது. காலையில் வந்து கணக்கு சொல்லிக்கொடுங்கள். எனக்கு முழங்கால் வலி, இருந்தாலும் வருகிறேன். சாவி யாரிடம் இருக்கும் என்பதைத் தலைமை ஆசிரியர் இப்போதே அறிவித்துவிட்டால் நல்லது.

நன்றி, வணக்கம்.