நியூ ஜெர்சியின் சூதாட்டச் சட்டம்: மக்களைக் கேட்டதும் கேளாததும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நியூ ஜெர்சியில் சூதாட்டம் சட்டப்படி செல்லுமா என்று கேட்டால், இங்கே பல்லாண்டுகள் வாழ்ந்தவர்கள்கூட “அட்லாண்டிக் சிட்டியில் காசினோ என்னும் சூதாட்ட விடுதிகளே இருக்கின்றனவே, பிறகென்ன?” என்றுதான் சொல்வார்கள். அந்த விடை பாதிதான் சரி. இந்த மாநிலத்தின் அரசியலமைப்புச் சட்டம் சூதாட்டத்தைப் பொதுவாகத் தடுத்தே வைத்திருக்கிறது. எந்த வகைச் சூதாட்டத்துக்கு இடங்கொடுப்பது, அதற்கு என்னென்ன கட்டுப்பாடுகள் என்பதை வாக்குச்சீட்டில் அச்சிட்டு மக்களிடம் கேட்டு, பெரும்பான்மையோர் ஒப்பிய பிறகே சட்டமன்றம் அதை அனுமதிக்க முடியும். மக்களைக் கேட்காமல் சூதாட்டத்துக்குக் கதவு திறக்கக்கூடாது என்னும் இந்த விதியைத்தான் நான் இன்று உங்கள் முன் எடுத்துப் பேச வந்திருக்கிறேன்.

இந்த விதி வெறும் ஒழுக்கப் போதனையிலிருந்து பிறந்ததன்று. 1844-ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே லாட்டரிக்குத் தடை இருந்தது. ஆயினும் குதிரைப் பந்தயம் செழித்தது. பந்தயத் திடல்களின் உரிமையாளர்களுடைய செல்வாக்கு சட்டமன்றத்துக்குள் புகுந்தது. 1893-இல் கூடிய சட்டமன்றம் அவர்களுக்குச் சாதகமான சட்டங்களை அவசர அவசரமாக நிறைவேற்றியதால் ‘குதிரையோட்டிகளின் சட்டமன்றம்’ என்றே வரலாற்றில் பெயர் பெற்றுவிட்டது. அந்தச் சினம் அடங்காத மக்கள் 1897-இல் வாக்களித்து, எல்லாச் சூதாட்டத்தையும் அரசியலமைப்புத் திருத்தத்தாலேயே தடுத்தார்கள். சட்டமன்றத்தை இந்த ஒரு விஷயத்தில் முழுதாக நம்ப முடியாது என்று ஒரு தலைமுறை பட்டறிந்து எழுதிய விதி அது.

அதன்பின் பல்லாண்டுகள் வந்த ஒவ்வொரு தளர்வும் வாக்குப் பெட்டியின் வழியாகவே வந்தது. 1939-இல் குதிரைப் பந்தயம், 1953-இல் தொண்டு அமைப்புகள் நடத்தும் பிங்கோவும் பரிசுக் குலுக்கலும், 1969-இல் அரசு லாட்டரி. காசினோவுக்கோ மக்கள் முதலில் மறுப்பே சொன்னார்கள். 1974-இல் மாநிலத்தில் எங்கு வேண்டுமானாலும் காசினோ அமையலாம் என்ற கேள்வியை வைத்தபோது அது தோற்றது. இரண்டு ஆண்டு கழித்து, நலிந்து கிடந்த கடற்கரை நகரமான அட்லாண்டிக் சிட்டியில் மட்டும், வரும் வரியை முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டும் செலவிடும் நிபந்தனையோடு அதே கேள்வியைத் திருத்திக் கேட்டார்கள். மக்கள் ஒப்பினார்கள். இடமும் நோக்கமும் குறிக்கப்பட்டதால்தான் அந்த வாக்கு கிடைத்தது என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

1977-இல் காசினோ கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் பிரெண்டன் பர்ன், குற்றக் கும்பல்கள் தங்கள் அழுக்குக் கைகளை அட்லாண்டிக் சிட்டியின் மேல் வைக்கக்கூடாது என்று மேடையிலேயே எச்சரித்தார். 1978 மே மாதம் முதல் காசினோவான ரிசார்ட்ஸ் இன்டர்நேஷனல் கதவு திறந்தது. காசினோவின் மொத்த வருவாயில் நூற்றுக்கு 8 பங்கு வரியாக அந்த நல நிதிக்குப் போகிறது. உரிமம் முதல் ஆட்ட விதி வரை அனைத்தையும் மாநிலம் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. எந்த அளவுக்கு என்றால், வெளியான சீட்டுகளை நினைவில் வைத்துப் பிளாக்ஜாக் ஆடும் கென் உஸ்டன் என்பவரைக் காசினோ வெளியேற்றியபோது, ஆட்ட விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநிலத்தின் காசினோ கட்டுப்பாட்டு ஆணையத்துக்கே உரியது, திறமையாக ஆடுகிறார் என்பதற்காகக் காசினோ தானாக ஒருவரைத் தடுக்க முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது.

நம்மவர் பலர் தனியே கேட்கும் கேள்வி ஒன்று: விருந்துக்குக் கூடிய வீட்டில் காசு வைத்துச் சீட்டாடினால் குற்றமா? இங்குள்ள குற்றவியல் சட்டம் வெறுமனே ஆடுபவரைத் தண்டிப்பதில்லை; ஆட்டத்தை நடத்தி அதில் இலாபம் பார்ப்பவரையே தண்டிக்கிறது. வீட்டுக்காரர் மற்றவர்களைப் போல ஓர் ஆட்டக்காரராக இல்லாமல் ஒவ்வொரு சுற்றிலும் தனக்கென ஒரு பங்கை எடுக்கத் தொடங்கினால், அந்த இடத்தில் நிலைமை மாறிவிடும்.

விளையாட்டுப் பந்தயத்தின் கதை நீண்டது. 1992-இல் அமெரிக்க நாடாளுமன்றம், மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கக்கூடாது என்று சட்டம் இயற்றியது. அதை முன்னின்று கொண்டுவந்தவர் நியூ ஜெர்சியின் செனட்டரும் முன்னாள் கூடைப்பந்து வீரருமான பில் பிராட்லி. நெவாடா போன்ற சில மாநிலங்களுக்கு விலக்குக் கிடைத்தது. நியூ ஜெர்சிக்கு ஓராண்டு அவகாசம் தரப்பட்டும் அது பயன்படுத்தப்படாமல் கழிந்தது. 2011-இல் மாநில மக்கள் விளையாட்டுப் பந்தயத்துக்கு வாக்களித்தார்கள். கல்லூரி, தொழில்முறை விளையாட்டு அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. கீழ்நீதிமன்றங்களில் மாநிலம் மீண்டும் மீண்டும் தோற்றது. ஒரு தீர்ப்பில், மாநிலம் தன் பழைய தடையை நீக்கிக்கொள்வதற்கு மத்தியச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை என்று நீதிபதிகள் சொன்னதைப் பற்றிக்கொண்டு, 2014-இல் காசினோக்களுக்கும் பந்தயத் திடல்களுக்கும் மட்டும் தடையை நீக்கியது சட்டமன்றம். அதன் மீதான வழக்கே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சென்று, 2018 மே 14 அன்று மாநிலத்துக்குச் சாதகமாக முடிந்தது. ஒரு மாநிலச் சட்டமன்றம் எதைச் சட்டமாக்கலாம், எதை ஆக்கக்கூடாது என்று நாடாளுமன்றம் கட்டளையிட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். சூதாட்டம் நல்லதா கெட்டதா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கவில்லை; முடிவெடுக்கும் உரிமை யாருடையது என்பதையே தீர்மானித்தது.

அந்த உரிமையை மக்கள் கண்மூடிப் பயன்படுத்தவுமில்லை. 2016-இல் மாநிலத்தின் வட பகுதியிலும் காசினோ அமைக்கலாமா என்று கேட்டபோது நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் வேண்டாம் என்றார்கள். 2021-இல் உள்ளூர்க் கல்லூரி அணிகளின் ஆட்டங்கள் மீதும் பந்தயம் கட்டலாமா என்று கேட்டபோதும் மறுத்தார்கள். நம் பிள்ளைகள் படிக்கும் ரட்கர்ஸின் அணி மீது இம்மாநிலத்தில் உரிமம் பெற்ற எவரும் இன்றும் பந்தயம் வாங்க முடியாது.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய கதவு கேட்காமலே திறக்கப்பட்டது. இணையச் சூதாட்ட மசோதா ஒன்றை 2011-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி திருப்பியனுப்பினார்; அட்லாண்டிக் சிட்டி என்னும் எல்லையை அது மீறுகிறது என்பது அப்போது எழுந்த ஐயங்களுள் ஒன்று. 2013 பிப்ரவரியில் அவரே புதிய மசோதாவில் கையெழுத்திட்டார். ஆட்டம் நடக்கும் சர்வர் கணினிகள் அட்லாண்டிக் சிட்டிக்குள் இருப்பதால், எடிசன் ஊரில் கட்டிலில் படுத்தபடி கைப்பேசியைத் தட்டுபவரும் அட்லாண்டிக் சிட்டியில் ஆடுவதாகவே கொள்ளப்படும் என்பது அந்தச் சட்டத்தின் வாதம். சட்டவல்லுநர்கள் இதை ஏற்கலாம். 1976-இல் அந்த ஒரு நகரத்துக்கு மட்டும் வாக்களித்தவர்களின் எண்ணம் இதுவாக இருந்திருக்காது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். நடந்து போய், படியேறி, வேலையாள் ஒருவர் முகத்தைப் பார்த்துக் காசு மாற்றும் தொலைவு ஒரு மனிதனுக்குத் தரும் அவகாசத்தைக் கைப்பேசி தருவதில்லை.

நலிந்த நகரத்தை மீட்கவே காசினோ என்றார்கள். 2014-இல் மட்டும் நான்கு காசினோக்கள் மூடப்பட்டன. 240 கோடி டாலர் செலவில் கட்டி 2012-இல் திறந்த ரெவெலும் அவற்றுள் ஒன்று. இப்போது எஞ்சியவை ஒன்பது. 2024-இல் அவற்றின் தளங்களில் ஆடியோரிடமிருந்து கிடைத்த வருவாய் சுமார் 282 கோடி டாலர். இணையக் காசினோவின் வருவாய் சுமார் 239 கோடி. கைப்பேசிக்கு வரும் அந்தப் பணத்தால் கடற்கரை விடுதியில் அறை பெருக்கும் பெண்ணுக்கு வேலை கூடுவதில்லை. அரசோ 2025-இல் இணையச் சூதாட்ட வரியை நூற்றுக்கு 15-இலிருந்து 19.75 ஆக உயர்த்தியது. வரவுசெலவுத் திட்டம் இந்த வரவை நம்பத் தொடங்கிவிட்டால் பின்னர் குறைப்பது கடினம் என்பதே என் கவலை.

2013-இன் சட்டம் பத்தாண்டுக்கு மட்டுமே செல்லும் என்று எழுதப்பட்டது. 2023-இல் மேலும் ஐந்தாண்டு நீட்டித்தார்கள். மக்களை அப்போதும் கேட்கவில்லை. 2028-இல் அது மீண்டும் சட்டமன்றத்தின் முன் வரும். வாக்குரிமை பெற்ற நாம் அதற்கு முன்னரே நம் தொகுதி உறுப்பினர்களுக்கு எழுத வேண்டும்: லாட்டரிக்கும் காசினோவுக்கும் வாக்குச்சீட்டில் கேட்டதைப் போல, கைப்பேசிச் சூதாட்டத்துக்கும் ஒரு முறை எங்களைக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.